கொல்லும் சிரிப்பும் வெல்லும் சிரிப்பும்

சிரிப்பையும் அழுகையையும் மனிதனுக்கு வழங்குபவன் தானே என்பதை வல்ல நாயன் தன் திருமறையின் 53ஆம் அத்தியாயமான ஸூரத்துந் நஜ்மில் உணர்த்துகின்றான். அதை அடுத்தே மரணத்தையும் வாழ்வையும் தருபவன் தானே என்பதையும் அறிவிக்கின்றான். வாழ்வும் மரணமும் எவ்வளவு பெரிய விஷயங்களோ, அவற்றின் பக்கத்திலேயே சிரிப்பையும் அழுகையையும் அவன் வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. சிரிப்பு என்பது ஷைத்தான் கடைவிரித்த சரக்கென்று இனியும் எவரும் சொல்வதற்கில்லை. கண்ணையும் காதையும் போல அதுவும் அல்லாஹ் அருளிய ஒரு நிஃமத்து. கண்ணை எதில் செலுத்தினோம், காதை எதற்குக் கொடுத்தோம் என்ற கேள்வி மறுமையில் எழுவது போல, சிரிப்பை எங்கே செலவழித்தோம் என்ற கேள்வியும் எழத்தானே செய்யும்!

ஆனால் நம்மில் பல இல்லங்களில் நிலைமை என்ன? தீனுள்ள வீடு என்றால் சத்தமே இல்லாத வீடு என்றும், பேணுதலான மனிதர் என்றால் முகத்தில் மலர்ச்சியே காணாதவர் என்றும் ஓர் எண்ணம் வேரூன்றி இருக்கிறது. அத்தாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் உள்ளே பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதை மரியாதை என்று நாமும் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம்.

இந்த எண்ணத்தை வளர்த்ததில் என் போன்ற ஆலிம்களுக்கும் பங்குண்டு. அதை ஒப்புக்கொண்டு விட்டே மேலே எழுத வேண்டும்.

கரியாலூரில் நடந்தது

ஒரு கோடை விடுமுறையின்போது மக்தபில் ஓதும் பிள்ளைகளைக் கல்வராயன் மலைக்கு அழைத்துச் சென்றோம். மஹல்லாவின் பெரியவர் ஒருவரும் உடன் வந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைக் கடந்து வேன் மலை ஏறியது. கரியாலூரில் நாங்கள் இறங்கியபோது ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளை ஒருவன் உற்சாகத்தில் முதலில் குதித்து ஓடினான். ஓடியவன் சேற்றில் வழுக்கிச் சப்பென்று உட்கார்ந்துவிட்டான். தலையிலிருந்த புதுத் தொப்பி பறந்துபோய்த் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. பிள்ளைகள் அனைவரும் கொல்லென்று சிரித்தார்கள். விழுந்தவனும் தன் உடுப்பைப் பார்த்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

எனக்கோ கோபம் பொங்கியது. பலர் வந்து போகும் பொது இடத்தில் ஓதும் பிள்ளைகள் இப்படிக் கூச்சல் போடலாமா என்று நினைத்தேன். “சிரிப்பு மிகுந்தால் கல்பு செத்துப்போகும் என்று ஹதீது பாடம் எடுத்தேனே, மறந்துவிட்டதா?” என்று சத்தம் போட்டேன். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். சேற்றில் உட்கார்ந்திருந்தவனின் முகம் சுருங்கியது. அவன் அழ ஆரம்பித்தான்.

அன்று மாலை திரும்பும் வழியில் அந்தப் பெரியவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். பையன் விழுந்தப்ப அழல. நீங்க சத்தம் போட்ட பெறகுதான் அழுதான். அப்ப கல்பு செத்தது எந்தச் சமயத்துல?” என்றார்.

அணை வரும் வரை நான் வாய் திறக்கவில்லை. ஓதிக் கொடுத்த ஹதீதை நான் சரியாக ஓதினேனா என்ற சந்தேகம் முதன்முதலாக எனக்கு அன்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து கிதாபுகளைத் திறந்தேன். அதில் கண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

ஐந்து உபதேசங்களில் ஐந்தாவது

நான் பிள்ளைகளிடம் சொன்ன அந்த ஹதீது ஹள்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. அது தனித்து நிற்கும் ஒரு வாக்கியமல்ல. ஐந்து உபதேசங்களில் கடைசியாக வருவது. பெருமானார் (ஸல்) அவர்கள் அபூஹுரைராவின் கையைப் பிடித்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்கள். ஹராமை விட்டு விலகுவது முதலாவது. அல்லாஹ் பங்கிட்டுத் தந்ததைக் கொண்டு திருப்தியடைவது இரண்டாவது. அண்டை வீட்டாருக்கு நன்மை செய்வது மூன்றாவது. தனக்கு விரும்புவதையே பிறருக்கும் விரும்புவது நான்காவது. இவற்றுக்குப் பின்னர்தான் சிரிப்பை அளவின்றிப் பெருக்க வேண்டாம், அது உள்ளத்தைச் சாகடிக்கும் என்ற எச்சரிக்கை வருகிறது.

நம்மில் பலர் முதல் நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதுவும் நமக்காகப் பிடிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கும் மனைவியருக்கும் சொல்வதற்காகப் பிடித்தோம்! அண்டை வீட்டாரையும் பிறரையும் பற்றிப் பேசிய பின் வருகின்ற இந்த எச்சரிக்கையை அவற்றோடு சேர்த்துப் படித்தால் அதன் கருத்து தெளிவாகிறது. அண்டை வீட்டார் பசித்திருப்பதை மறக்கடிக்கும் சிரிப்பு, பிறர் மனம் புண்படுவதை உணராத சிரிப்பு, ஹராம் எது ஹலால் எது என்று பார்க்கவிடாத சிரிப்பு ஆகியவையே உள்ளத்தைக் கொல்லும் சிரிப்பு. மேலும் ஹதீது தடுப்பது சிரிப்பின் மிகுதியைத்தான், சிரிப்பையே அன்று. உணவு மிகுந்தால் நோய் வருமென்று சொன்ன மருத்துவர் பட்டினி கிடக்கச் சொன்னதாகப் பொருள் கொள்வோமா?

ஹிஜ்ரீ 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் நாவினால் விளையும் கேடுகளை வரிசைப்படுத்தும்போது, வேடிக்கைப் பேச்சை ஒரு பகுதியாகவும் பரிகாசத்தை வேறொரு பகுதியாகவும் பிரித்தே எழுதினார்கள். வேடிக்கைப் பேச்சில் அவர்கள் கண்டிப்பது அதில் அளவு மீறுவதையும் அதிலேயே மூழ்கிக் கிடப்பதையும்தான். பரிகாசத்தையோ ஹராமென்றே சொல்கிறார்கள். நாம் அவர்கள் பிரித்ததை ஒன்றாக்கி, இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிட்டோம்.

புன்னகை மாறாத திருமுகம்

சரி, அண்ணலார் (ஸல்) அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? தாம் இஸ்லாத்தைத் தழுவிய நாள் முதல் தம்மைக் காணும்போதெல்லாம் நாயகம் அவர்கள் புன்னகைக்காமல் இருந்ததேயில்லை என்று ஹள்ரத் ஜரீர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரீயில் இருக்கிறது. நாயகத்தைக் காட்டிலும் மிகுதியாகப் புன்னகைக்கும் ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று ஹள்ரத் அப்துல்லாஹ் பின் ஹாரிஸ் (ரலி) அவர்கள் சொன்னதைத் திர்மிதீ பதிவு செய்கிறது. அதேசமயம் உள்நாக்குத் தெரியுமளவு வாய் விரித்து அவர்கள் சிரித்ததைத் தாம் பார்த்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். புன்னகையே அவர்களின் வழக்கமாக இருந்தது. பற்கள் தெரிய அவர்கள் சிரித்த சந்தர்ப்பங்களும் உண்டு.

அப்படி ஒரு சந்தர்ப்பத்தைக் கேளுங்கள். ஒருவர் நாயகத்திடம் ஓடோடி வந்து, தாம் அழிந்துவிட்டதாகப் புலம்பினார். ரமளானின் பகலில் நோன்பிருந்துகொண்டே மனைவியோடு கூடிவிட்டார்! பரிகாரமாக ஓர் அடிமையை விடுவிக்க முடியுமா என்று நாயகம் கேட்டார்கள். முடியாதென்றார். இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு? முடியாது. அறுபது ஏழைகளுக்கு உணவு? அதுவும் முடியாது. அப்போது சபைக்கு ஒரு கூடைப் பேரீச்சம்பழம் வந்தது. இதைக் கொண்டுபோய்த் தர்மம் செய்யுங்கள் என்று கொடுத்தார்கள். அவரோ, மதீனா முழுவதிலும் எங்களை விட ஏழைக் குடும்பம் ஏதிருக்கிறது என்று கேட்டுவிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்து, அதை அவர் வீட்டாருக்கே உண்ணக் கொடுக்கும்படி அனுப்பினார்கள்.

குற்றம் செய்து, நடுங்கிக்கொண்டு வந்தவர் பழக்கூடையோடும் நிம்மதியோடும் திரும்பிப் போனார். எந்தக் குற்றமும் செய்யாமல் வழுக்கி விழுந்த பிள்ளையோ என் முன்னால் அழுதுகொண்டு நின்றான். இந்த ஹதீதை நான் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். நோன்பின் கஃப்பாராச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நாயகத்தின் சிரிப்பைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பஜ்ருத் தொழுகைக்குப் பின் சூரியன் உதிக்கும் வரை ஸஹாபாப் பெருமக்கள் அமர்ந்திருப்பார்கள். அறியாமைக் காலத்தில் தாங்கள் செய்தவற்றைப் பேசிச் சிரிப்பார்கள். நாயகம் அவர்கள் புன்னகைத்தபடி அதே சபையில் இருப்பார்கள். ஹள்ரத் ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வரும் செய்தி இது. இது பள்ளிவாசலில், அதுவும் பஜ்ருக்குப் பிறகு நடந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தச் சிரிப்பு எவரையும் பள்ளியிலிருந்து விரட்டவில்லை.

தனிமையில் அழுகை, சபையில் மலர்ச்சி

“குறைவாகச் சிரியுங்கள், அதிகமாக அழுங்கள் என்ற கருத்தும் மார்க்கத்தில் உள்ளதே?” என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். திருமறையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் அந்தச் சொல் ஹிஜ்ரீ 9இல் தபூக் பயணத்துக்குப் புறப்படாமல் பின்தங்கி, அதற்காக மகிழ்ந்திருந்த நயவஞ்சகர்களைக் குறித்து இறங்கியது. இன்னொரு ஹதீதில், தாம் அறிந்திருப்பதை மக்கள் அறிந்தால் சிரிப்பைக் குறைத்து அழுகையைக் கூட்டிக்கொள்வார்கள் என்று நாயகம் அவர்கள் சொன்னதும் உண்மையே.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த அறிவை முழுமையாகப் பெற்றிருந்தவர்கள் நாயகம் அவர்களே. மறுமையையும் கப்ருடைய நிலையையும் அவர்களைவிட அறிந்தவர் எவருமில்லை. அப்படியிருந்தும் மக்களிடையே மிகுதியாகப் புன்னகைத்தவர்களும் அவர்கள்தாம். இது எப்படி என்றால், அழுகைக்கு ஓர் இடமும் சிரிப்புக்கு ஓர் இடமும் அவர்களிடம் இருந்தன. இரவின் தனிமையில், தஹஜ்ஜுத் தொழுகையில், ரப்பின் முன்னிலையில் அவர்கள் அழுதார்கள். பகலில் மனிதர்களின் முன்னிலையில் முகம் மலர்ந்தார்கள். அர்ஷின் நிழலைப் பெறும் ஏழு கூட்டத்தாரில் ஒருவராக, தனிமையில் அல்லாஹ்வை நினைத்துக் கண்ணீர் வடித்தவரைச் சொன்னதும் இதற்கே பொருத்தமாக இருக்கிறது. அழுகை ரப்புக்கு உரியதாக இருந்தது. மலர்ச்சி அடியார்களுக்கு உரியதாக இருந்தது.

நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். இரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, தனிமையில் மணிக்கணக்காகச் சிரிக்கிறோம். காலையில் மனைவி மக்களின் முன்னால் கடுகடுத்த முகத்தோடு வருகிறோம். அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிடுசிடுப்பு! உள்ளம் சாவதற்கு இதைவிட வேறு வழி வேண்டுமா?

ஒரு கணக்குப் பார்ப்போம். சகோதரனின் முகம் நோக்கிப் புன்னகைப்பதையும் ஸதகாவாக எண்ணினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஸதகா என்பது கொடுப்பது. கொடுப்பதென்றால் பெறுபவர் ஒருவர் இருக்க வேண்டும். தனியே உட்கார்ந்து சிரிக்கும் சிரிப்பு எவருக்கும் போய்ச் சேராத பணம் போன்றது. பையில் ஒரு காசும் இல்லாத ஏழையும் தினம் நூறு முறை கொடுக்கக்கூடிய தர்மத்தை நாம் நம் வீட்டாருக்கே கொடுக்காமல் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறோம்.

ஃபிக்ஹு தரும் அளவுகோல்

சட்ட நூல்களும் சிரிப்பை ஒரே கோலால் அளக்கவில்லை. தொழுகையில் சிரிப்பு வந்தால் என்ன என்பதை விளக்கும்போது ஹனஃபீ மத்ஹபின் அறிஞர்கள் அதை மூன்று வகையாக்கினார்கள். சத்தமில்லாத புன்னகை தபஸ்ஸும். அதனால் தொழுகையும் முறியாது, ஒளூவும் முறியாது. தனக்கு மட்டும் கேட்கும் அளவு சிரிப்பது ளஹிக். அதனால் தொழுகை முறியும், ஒளூ முறியாது. பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி வெடித்துச் சிரிப்பது கஹ்கஹா. பருவமடைந்தவர் ருகூவும் ஸுஜூதும் உள்ள தொழுகையில் விழிப்போடு இருக்கையில் அப்படிச் சிரித்தால் தொழுகையும் ஒளூவும் சேர்ந்தே முறியும். கடற்கரையோர ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் சிரிப்பால் ஒளூ முறிவதில்லை, தொழுகையே முறியும். தொழுகைக்கு வெளியே எவ்வளவு சிரித்தாலும் ஒளூவுக்கு ஒன்றுமில்லை என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே.

ரப்பின் முன் நிற்கும் தொழுகையிலேயே ஒரு புன்னகை பொறுத்துக் கொள்ளப்படுகிறது. அப்படியானால் சாப்பாட்டு ஸுப்ராவைச் சுற்றி வீட்டார் கூடியிருக்கையில் சிரிப்பைக் குற்றமாக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எது கொல்லும் சிரிப்பு?

சிரிப்பை வரவேற்பதனால் எல்லாச் சிரிப்பையும் வரவேற்றதாகிவிடாது. நம் தமிழின் பழைய இலக்கணமான தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு வகை உணர்வுகளைச் சொல்லும்போது சிரிப்பையே முதலில் வைக்கிறது. பிறரை இகழ்தல், இளமைத்தனம், அறியாமை, வெகுளித்தனம் என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்றும் வகுக்கிறது. இந்நான்கில் முதலாவதைத்தான் திருமறை தன் 49ஆம் அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத்தில் அடியோடு தடுக்கிறது. ஆண்கள் ஆண்களைப் பரிகசிக்க வேண்டாம், பெண்கள் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்றும், பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரை விடச் சிறந்தவராக இருக்கலாம் என்றும் அறிவுறுத்துகிறது.

ஹள்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக்குக் குச்சி பறிக்க மரத்தில் ஏறினார்கள். காற்றில் ஆடை விலகி அவர்களின் மெலிந்த கால்கள் தெரிந்தன. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். எதைக் கண்டு சிரிக்கிறீர்கள் என்று நாயகம் கேட்டார்கள். கால்களின் மெலிவைக் கண்டு என்றனர். மறுமையின் தராசில் அந்தக் கால்கள் உஹது மலையை விடக் கனமானவை என்று நாயகம் சொன்னார்கள். சிரிப்பு அங்கேயே நின்றிருக்கும்!

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியையும் பாருங்கள். ஸாஹிர் என்றொரு கிராமவாசி. அழகில் குறைந்தவர். கடைத்தெருவில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து வந்து நாயகம் அவர்கள் கட்டிக்கொண்டார்கள். இந்த அடிமையை வாங்குபவர் யார் என்று வேடிக்கையாகக் கூவினார்கள். என்னை விற்றால் விலை போகமாட்டேனே என்றார் அவர். அல்லாஹ்விடம் நீர் விலைமதிப்புள்ளவர் என்று பதில் வந்தது. முதல் சிரிப்பு ஒரு மனிதரின் காலைப் பார்த்தது. இந்த வேடிக்கையோ தம்மைத் தாமே மலிவாக எண்ணிய ஒருவரைத் தூக்கி நிறுத்தியது. வேடிக்கை முடிந்த பிறகு எதிரில் இருப்பவர் முன்னிலும் உயர்ந்திருக்கிறாரா, தாழ்ந்திருக்கிறாரா? சிரிப்பைச் சோதித்துப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்.

இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு. பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்று நாயகம் அவர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். தாம் வேடிக்கை பேசினாலும் உண்மையைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை என்றும் கூறினார்கள். பயணமொன்றில் உறங்கிய தோழர் ஒருவரின் பொருளை விளையாட்டாக எடுத்து, அவர் திடுக்கிட்டு விழிக்கும்படி செய்தபோது, ஒரு முஸ்லிமைத் திகிலடையச் செய்வது ஆகுமானதல்ல என்றார்கள். இன்று கைப்பேசியில் ஒருவரைப் பயமுறுத்திப் படமெடுத்து, அதை ஊரெல்லாம் அனுப்பி மகிழும் நம் வாலிபர்கள் இதைப் படித்துப் பார்க்கட்டும்.

அழ வேண்டிய இடத்தில் அழத்தான் வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அத்தகைய நாட்களில் அண்டைத் தெருவில் உரக்கச் சிரிப்பவனின் உள்ளம் உயிரோடிருக்கிறது என்று எவர் சொல்வார்? சிரிப்பை அறிந்தவன் அதை அடக்கும் நேரத்தையும் அறிந்திருப்பான்.

இக்கால ஆய்வும் ஒரு பூங்காவும்

அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் ப்ரொவைன் மக்கள் பேசிச் சிரிப்பதைப் பொது இடங்களில் நின்று கவனித்து ஆராய்ந்தவர். தனித்திருப்பதை விடப் பிறரோடு இருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பதும், அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி துணுக்குகளால் வருவதல்ல, சாதாரணப் பேச்சுக்கிடையே வருவது என்பதும் அவர் கண்ட முடிவுகள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கூடிச் சிரித்த பின் மனிதர்கள் வலியை முன்னைவிட அதிகம் தாங்குகிறார்கள் என்று கண்டார்கள். சபையின் சிரிப்புக்கும் தனிமையின் சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இவையும் காட்டுகின்றன.

நம் நாட்டிலேயே ஓர் அனுபவம் உண்டு. 1995 மார்ச் 13ஆம் நாள் மும்பையின் ஒரு பூங்காவில் டாக்டர் மதன் கட்டாரியா நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, காலையில் கூடிச் சிரிப்பதற்கென்று ஒரு குழுவைத் தொடங்கினார். முதலில் ஆளுக்கொரு துணுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். சில நாட்களுக்குள் நல்ல துணுக்குகள் தீர்ந்து, பிறரைப் புண்படுத்துபவையும் ஆபாசமானவையும் வரத் தொடங்கின. முறையீடுகள் எழுந்தன. எனவே துணுக்குகளை விட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கும் பயிற்சியாக மாற்றிக்கொண்டார்கள். பிறகு அது உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. அவர்களுடைய பயிற்சியை நாமும் செய்ய வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. சிரிப்புக்குப் பிறரைத் தாழ்த்தும் துணுக்குத் தேவையில்லை, எதிரில் ஒரு முகம் இருந்தால் போதும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். சகோதரனின் முகம் நோக்கிய புன்னகையை நாயகம் அவர்கள் ஸதகா என்றதை நாம் பதினான்கு நூற்றாண்டுகளாக ஓதிவருகிறோம்.

நம் இல்லங்களில்

சகோதரர்களே! வீட்டில் நுழையும்போது ஸலாம் சொல்வதைப் போல, முகத்தைச் சரிசெய்துகொண்டு நுழைவதையும் வழக்கமாக்குங்கள். கடையின் நஷ்டத்தையும் வேலையிடத்துக் கோபத்தையும் செருப்போடு சேர்த்து வாசலில் விடுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதலில் அன்னையார் வென்றார்கள். காலம் கழித்து மீண்டும் ஓடியபோது நாயகம் வென்று, முன்னதற்கு இது சரியாகிவிட்டதென்று வேடிக்கையாகச் சொன்னார்கள். மனைவியிடம் தோற்பதும் வெல்வதும் சிரிப்பதும் அவர்களின் கண்ணியத்தைக் குறைக்கவில்லை. நம் கண்ணியத்தை மட்டும் குறைத்துவிடுமா?

பிள்ளைகளிடம் வேடிக்கை பேசுங்கள். ஹள்ரத் அனஸ் (ரலி) அவர்களின் குட்டித் தம்பி அபூஉமைர் வளர்த்த சிறு குருவியைப் பற்றி நாயகம் அவர்கள் விசாரித்து விளையாடியதை நாம் அறிவோம். அரபுலகுக்கே தலைவர் ஒரு குழந்தையின் குருவிக்கு நேரம் ஒதுக்கினார்கள்.

சகோதரிகளே! மருமகளின் சமையலையும் நாத்தியின் நிறத்தையும் அண்டை வீட்டாரின் பேச்சையும் வைத்துச் சிரிக்கும் சிரிப்பு ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுக்கப்பட்ட சிரிப்பு. அதற்குப் பதிலாக நம்முடைய தவறுகளையே சொல்லிச் சிரிப்போம். பஜ்ருக்குப் பின் ஸஹாபாக்கள் தங்கள் பழைய அறியாமையை எண்ணித்தான் சிரித்தார்கள்.

வீட்டிலுள்ள முதியவர்களை மறந்துவிடாதீர்கள். சுவர்க்கத்துக்காக துஆச் செய்யும்படி கேட்ட மூதாட்டியிடம், கிழவிகள் அங்கே நுழையமாட்டார்கள் என்று நாயகம் வேடிக்கையாகச் சொன்னார்கள். அவர் அழுதபடி திரும்பினார். உடனே, இளமையாக்கப்பட்டே நுழைவீர்கள் என்பதுதான் கருத்தென்று அவருக்குத் தெரிவிக்கச் சொன்னார்கள். வேடிக்கை ஒருவரை அழவைத்துவிட்டால், தாமதிக்காமல் அதைச் சரிசெய்வதும் சுன்னத்து என்பதை இதிலிருந்து கற்கிறோம். அழவைத்தது கண்டிப்பாக இருந்தால் அதற்கும் இதே முறைதானே!

ஆகவே மறுநாள் மக்தபில் அந்தப் பிள்ளையை அருகில் அழைத்தேன். “நேற்று நான் சத்தம் போட்டது தப்பு, மன்னித்துக்கொள்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “தொப்பி காஞ்சிருச்சு ஹஜ்ரத்” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. இந்த முறை நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு பாடத்தைத் திறந்தோம். அன்று பிள்ளைகள் நன்றாகவே ஓதினார்கள்.

மறுமையில் ஒளி வீசிச் சிரிக்கும் முகங்களும் உண்டு, புழுதி படிந்து இருளடைந்த முகங்களும் உண்டு என்று திருமறையின் 80ஆம் அத்தியாயமான ஸூரத்து அபஸ அறிவிக்கிறது. முகத்தைச் சுளித்ததைக் குறித்துத் தொடங்கும் அத்தியாயம் சிரிக்கும் முகங்களை நமக்குக் காட்டிவிட்டே முடிகிறது என்பது எண்ணி எண்ணி உணரத்தக்கது.

யா அல்லாஹ்! எங்கள் கண்ணீரை உன் சன்னிதானத்துக்கும், எங்கள் புன்னகையை உன் அடியார்களுக்கும் உரியதாக ஆக்குவாயாக! எவரையும் தாழ்த்தாத சிரிப்பை எங்கள் இல்லங்களில் நிறைப்பாயாக! எங்களைக் கண்டு எங்கள் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தாமல், ஓடி வந்து சேர்ந்து சிரிக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன்.